கழட்டி மட்டும் வை

ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் இருக்கும் வீட்டில் எந்தப் பொருளும் பழுது பார்க்கப்படாமல் தப்ப முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிக்குக்கூட ஒரு நாள் முறை வரும். ஸ்டூல் போட்டு ஏறுவார், கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். அதன் பிறகு அந்த மின்விசிறி ஒரு புதுச் சத்தத்துடன் சுற்றும். "முன்னாடி இந்த சத்தம் கேக்கலியே" என்று மனைவி சொன்னால், "முன்னாடி நீ கவனிச்சிருக்க மாட்டே" என்று பதில் வரும். ஊர் முழுக்க நடப்பதுதான் இது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் மட்டும் கொஞ்சம் முறைப்படி நடந்தது.

முறை என்றால் நான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துறைத் தலைவனாக இருந்தவன். எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதி, அதைச் சுவரில் ஒட்டி, ஒட்டியதை யாராவது படிக்கிறார்களா என்று ஒளிந்து நின்று பார்ப்பதுதான் தொழில். கை கழுவும் தொட்டிக்கு மேலே கை கழுவும் முறையை எழுதி வைத்தவனும் நான்தான். (அதைப் படித்துவிட்டு ஒருவர், "இத்தினி நாளா நான் தப்பா கழுவிக்கினு இருந்தேன் போல சார்" என்றார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அது பாராட்டு இல்லை என்பதை என் மனைவி கோமதிதான் விளக்கினாள்.)

ஓய்வு பெற்ற பிறகு சுவர் கிடைக்காமல் தவித்தேன். சமையலறையில் குக்கர் திறக்கும் முறையை ஒட்டினேன். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்தேன், வடைக்கு அடியில், எண்ணெய் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள், கயல். மாதனூர்ப் பக்கம் வேறொரு ஷூ கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் எஞ்சினியர். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் மாலையில் கம்பெனி பஸ்ஸில் திரும்பும் சாதுவான பெண். விடுமுறை நாட்களில் மட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவாள். பெண் பார்க்க வரும் குடும்பங்களிடம் கோமதி, "வண்டி நல்லா ஓட்டுவா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். எந்த வேகத்தில் என்று அவர்களும் கேட்டதில்லை.

அந்தச் சீசனில் அவள் நிறைய விழுந்திருந்தாள். கடைசிப் பந்தயம் ஒன்று பாக்கி இருந்தது, சென்னைக்கு முன்னால் உள்ள தடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் அடுத்த சீசனுக்கு ஒரு டீமில் இடம். வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் அவர்களே. வராவிட்டால் பந்தயத்தை விட்டுவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள். "எவ்ளோ நாளைக்குப்பா சொந்த வண்டிய ஒடச்சு ஒடச்சு ஓட்டறது" என்று சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு தட்டில் இருந்த சோற்றைத் தொடவில்லை.

இப்படி இருக்கும்போது, பயிற்சியில் முன்னால் போன வண்டியின் டயர் கிளப்பிய கல் ஒன்று அவள் வண்டியின் ஆயில் கூலரைத் துளைத்துவிட்டது. ஆயில் கூலர் பெரிய மர்மம் இல்லை. பந்தயத்தில் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் வடைச் சட்டி கணக்காகக் காயும். அதைக் குழாய் வழியாக வண்டியின் முன்பக்கத்துக்குக் கொண்டு வந்து, சன்னமான தகடுகள் அடுக்கிய ஒரு சின்னப் பெட்டிக்குள் சுற்றவிட்டு, எதிர்காற்று வாங்க வைத்து உள்ளே திருப்பி அனுப்பும் சாதனம். நாங்கள் சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருகிற மாதிரி.

மாற்றுக் கூலர் ஒன்றை கயல் தெரிந்தவரிடம் வாங்கி வந்துவிட்டாள். வண்டியை ஏற்றிப் போக வெள்ளிக்கிழமை மாலை டெம்போ வருவதாக ஏற்பாடு. வெள்ளி காலை, கம்பெனிக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள். நான் போர்டிகோவில் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். சில நாட்களாகவே அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தேன், கோயில் என்றால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

"அப்பா, ஒரு வேல செய்றியா? அந்தக் கூலர கழட்டி வைக்கிறியா?"

எழுந்து நின்றேன். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன், இருந்தாலும்.

"கழட்டி மட்டும் வை. மாட்டாத. சாய்ந்திரம் நான் வந்து மாட்டிக்கிறேன்."

"மாட்டறதுல இன்னா இருக்கு? கழட்டின வரிசைய அப்படியே திருப்பிப் போட்டா மாட்டறது."

"கழட்டி மட்டும் வைப்பா."

ஓர் உத்தரவை இதைவிடத் தெளிவாகத் தர முடியாது. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது. என் பணிக்காலம் முழுக்க, சொன்னதை மட்டும் செய்யாத ஆட்களை மேஜைக்கு எதிரில் நிற்க வைத்து விசாரித்திருக்கிறேன்.

அவள் போனதும் தொடங்கினேன். முதல் படி, பணியிடத்தைத் தனிமைப்படுத்துதல். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நாடா ஒரு சுருள் என்னிடம் இருந்தது. (ஓய்வு பெற்ற அன்று கம்பெனி கொடுத்தது சால்வை. நாடா நானாக எடுத்து வந்தது.) அதை கேட்டிலிருந்து போர்டிகோ தூண் வரை சுற்றிக் கட்டினேன். எதிர் வீட்டு அம்மா காய்கறிப் பையுடன் நின்றுவிட்டார்.

"இன்னா சார், வீட்ட ஜப்தி பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா. ஆயில் கூலர் கழட்டறேன்."

"அதுக்கு எதுக்கு சார் போலீஸ் வந்து கட்டிட்டுப் போனாங்க?"

கோமதி பால் வாங்கப் போகும்போது நாடாவுக்கு அடியில் குனிந்து போனாள். வரும்போது குனிந்து வந்தாள். "இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா உங்கள கழட்டி வெச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது படி, வேலை நடக்கும்போது வேறு யாரும் இயந்திரத்தை இயக்காமல் தடுத்தல். வண்டியின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் இருந்த இன்னொரு மனிதப் பிறவி அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தது. அது வந்து பந்தய வண்டியைக் கிளப்பிப் போய்விடும் அபாயம் அத்துடன் நீங்கியது.

அடுத்து எண்ணெய் வடித்தல். அடியில் தட்டு வைத்து, வடிகால் போல்டைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. போல்டின் தலையில் துளை போட்டு, மெல்லிய கம்பியை முறுக்கி, பக்கத்தில் இருந்த வேறொரு போல்டுடன் யாரோ கட்டி வைத்திருந்தார்கள். மறை போன போல்டைக் கம்பி கட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். என் மகள் வண்டியில் இப்படி ஒரு வேலையா என்று கம்பியை வெட்டித் தூர எறிந்தேன். எண்ணெய் வடிந்தது. குடியாத்தத்தில் விசைத்தறி வைத்திருக்கும் என் மச்சான் அனுப்பும் கழிவு லுங்கிகள் வீட்டில் நிறைய உண்டு. கட்டம் போட்டவை, கறை தெரியாது. அவற்றில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஒன்றைத் தரையில் விரித்து, மற்றொன்றைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

முன்பக்க உறையை எடுத்தேன். கூலருக்கு வரும் இரண்டு குழாய்களையும் பிடித்திருந்த போல்டுகளைத் தளர்த்தினேன். ஒவ்வொரு போல்டிலும் மேலொன்றும் கீழொன்றுமாகச் செம்பு வாஷர்கள். எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். குழாய் வாய்களைத் தூசி போகாமல் துணியால் அடைத்தேன். கடைசி போல்டும் வந்தது. கூலர் கைக்கு வந்துவிட்டது. நர்ஸ் பிள்ளையைக் கொண்டு வந்து காட்டுகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனேன்.

"கீழ சொட்டுது" என்றாள் கோமதி.

அங்கே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. வேலை சுத்தமாக முடிந்திருந்தது, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நேரமாகவில்லை. கைகழுவிவிட்டுப் பேப்பர் படித்திருக்கலாம். ஆனால் கிண்ணத்தில் வாஷர்கள் கிடந்தன. வண்டியின் கையேடு தடித்த எழுத்தில் ஒன்று சொல்லியிருந்தது: ஒருமுறை பயன்படுத்திய வாஷரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

எங்கள் தொழிலில், கழித்த சரக்கை அப்படியே விட்டுவைக்க மாட்டோம். தோலில் ஓட்டையா, தையலில் கோணலா, கழித்த கையோடு குறுக்கே ஒரு வெட்டு வெட்டிவிடுவோம். வெட்டாமல் மூலையில் போட்டால் அது ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போய் மறுபடி லைனில் உட்கார்ந்துகொள்ளும். கழித்த ஷூவுக்குக் கால் உண்டு என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். எனவே கட்டிங் பிளேயரை எடுத்து வாஷர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்றை மட்டும் வெட்டவில்லை. அதுவும் முறைதான். எந்தப் பொருளிலும் ஒன்றை அளவுக்கான மாதிரி என்று எடுத்து, உறையில் போட்டு, மேலே கையெழுத்திட்டு வைப்பது வழக்கம். போட்டேன், கையெழுத்திட்டேன், அலமாரியில் வைத்தேன்.

எல்லாம் முடிந்து கால் நீட்டி உட்கார்ந்தபோது எதிரில் புதுக் கூலர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பாவம், நாள் முழுக்க லைனில் நின்றுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள் குழந்தை. வந்ததும் குனிந்து இதை மாட்ட வேண்டும். அதற்குள் டெம்போ வேறு வந்துவிடும். மாட்டி வைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. (சந்தோஷப்பட வேண்டியிருந்தது யாருக்கு என்பது இப்போது புரிகிறது.)

மாட்டுவதற்குப் புது வாஷர் வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன், கயல் வாங்கி வைத்ததாகத் தெரியவில்லை. அவளுக்குப் போன் போட்டுக் கேட்டால், மாட்டப் போவது தெரிந்துவிடும். அன்வர் பாய்க்குப் போட்டேன்.

அன்வர் பாய் எங்கள் கம்பெனியில் மாதிரி ஷூ செய்யும் பிரிவின் தலைவராக இருந்து, எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஆம்பூரில் இருக்கிறார். கயல் விழுந்து கிழித்துக்கொள்ளும் பந்தயத் தோலுடைக்கு ஒட்டுப் போடுவது அவர்தான். முழங்கையில் அவர் வைத்த ஒட்டைப் பார்த்தால், அந்த இடத்தில் விழுந்ததே பெருமை என்று தோன்றும்.

"செம்பு வாஷரா? அதுக்கு ஏன் தோஸ்த் பேஜார் ஆவற" என்றார். "அடி பம்புல இன்னா வாஷர் இருக்குது? லெதர். சைக்கிளுக்கு காத்து அடிக்கிற பம்புல? லெதர். தண்ணியே நிக்குது, காத்தே நிக்குது. ஆயில் நிக்காதா? தொழுகைய முடிச்சிட்டு வர்றேன்."

சொன்னபடி வந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் புத்தம்புது வெள்ளை ஜுப்பா. கையில் டிபன் கேரியர் பை. கோமதி முகம் மலர்ந்து பையை வாங்கப் போனாள். உள்ளே தோல் துண்டுகளும், வட்டத் துளை போடும் உளிகளும், ஒரு சுத்தியலும் இருந்தன.

"சாப்பாடு இல்லியா பாய்?"

"அது அடுத்த வாட்டிம்மா. இப்ப நாங்க டியூட்டில இருக்கோம்."

எந்தத் தோல் என்பதில் எங்களுக்குள் அரை மணி வாக்குவாதம். அவர் ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடும் கெட்டித் தோலைச் சொன்னார். நான் மேல்தோல்தான் வளைந்து கொடுக்கும் என்றேன். கடைசியில் கெட்டித் தோலே வென்றது. தடிமனை அளந்தோம். மாதிரி வாஷரை வைத்து உள்வட்டம் வெளிவட்டம் குறித்தோம். அன்வர் பாய் ஒரே அடியில் வெட்டி எடுத்த வாஷர்களைப் பார்த்து, உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கியது. விளிம்பில் ஒரு நார் கிளம்பவில்லை. எண்ணெயில் ஊறப்போட்டோம். இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றார் பாய்.

மாட்டினோம். கையேடு சொன்ன இறுக்கத்தை எட்டியதும் 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும் ஸ்பேனர் ஒன்று கயலிடம் இருந்தது. திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். தோல் அமுங்கிக்கொண்டே போனது, க்ளிக் வரவில்லை.

"பாய், சத்தம் வரல."

"லெதர் ஒத்துக்க டைம் எடுக்கும். புது ஷூ கால்ல ஒக்காரல?"

பொருத்தமாகத்தான் இருந்தது. போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன். (என் பணிக்காலத்தில் 'போதும்னு தோணுச்சு சார்' என்று சொன்னவர்களை நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.) புது எண்ணெய் ஊற்றினேன். கழுத்துச் சாவியை எடுத்து எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டோம். ஒரு சொட்டு இல்லை. கைகொடுத்துக்கொண்டோம். கம்பெனியிலிருந்து வந்த சாமான்களில் நாடாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு பச்சை ஸ்டிக்கர் சுருள், 'தரச் சோதனையில் தேறியது' என்று இங்கிலீஷில் போட்டது. ஒன்றைக் கிழித்துப் புதுக் கூலரின் பக்கவாட்டில் ஒட்டினேன்.

மாலையில் கயல் வந்தாள். நாடாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து, பாய்க்கு ஒரு சலாம் வைத்து, வண்டியைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"மாட்டிட்டியா?"

"சும்மா இருந்தேன், அதான்."

"பழைய வாஷரயே மாட்டினியா?"

"அதத்தான் மாட்டக் கூடாதுன்னு கையேட்டுல போட்டிருக்கே."

"புதுசு எங்க கெடச்சுது?"

"ஏற்பாடு பண்ணியாச்சு" என்றேன். அன்வர் பாய் கூரையைப் பார்த்தார்.

அவள் மேலும் கேட்டிருப்பாள். அதற்குள் டெம்போக்காரர் வந்து, "ஏத்திடலாமா மேடம்?" என்றார். "ஒரு நிமிஷம்ணா, சூடு பண்ணி பார்த்துடறேன்" என்று எஞ்சினைக் கிளப்பினாள். கோமதி காப்பித் தட்டுடன் வாசலில் நின்றாள். பெருமையை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று அன்வர் பாய் வண்டியின் முன்னால் போய்க் குனிந்தார்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியது. கயல் கைப்பிடியை முறுக்கினாள். பந்தய எஞ்சின் உறுமும்போது எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் ஓடும் என்பதற்கு அடி பம்பில் உதாரணம் கிடையாது. 'பொத்' என்று ஒரு சின்னச் சத்தம். தோல் வாஷர் கிழிந்து, சன்னமான ஓர் எண்ணெய்த் தாரை கிளம்பி, அன்வர் பாயின் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை போய், அங்கிருந்து போர்டிகோ சுவரில் ஏறி, கோமதி காலையில் போட்ட கோலத்தின் மேல் முடிந்தது. கயல் சட்டென்று எஞ்சினை நிறுத்தினாள். அதற்குள் அடுத்த வாஷரும் விட்டுக்கொடுத்து, நான் ஊற்றிய எண்ணெயில் பெரும்பகுதி தரைக்கு வந்திருந்தது.

கட்சித் துண்டு போட்ட மாதிரி கறுப்புப் பட்டையுடன் அன்வர் பாய் நிமிர்ந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆயில் நல்ல ஆயில்தான் தோஸ்த்" என்றார்.

கயல் போல்டைக் கழற்றி, கிழிந்து போன தோல் வட்டத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது இன்னாப்பா?"

"வாஷர்."

"லெதர்ல?"

"கெட்டி லெதர்" என்றார் பாய், மெதுவாக.

"என் பழைய வாஷர் எங்க? செம்பு வாஷர அடுப்புல செவக்க சுட்டு தண்ணில போட்டா மெத்துன்னு ஆயிடும்ப்பா, புதுசு மாதிரி. அதத்தான் மாட்டலாம்னு இருந்தேன்."

கிண்ணத்தைக் கொண்டு வந்து காட்டினேன். வெட்டுப்பட்ட துண்டுகள் பளபளவென்று கிடந்தன. அவள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள். "வடிகால் போல்டுல இருந்த கம்பி?"

"யாரோ ஒப்பேத்தி கட்டி வெச்சிருந்தாங்க. வெட்டிட்டேன்."

"அது ரூலுப்பா. போல்டு கழண்டு ஆயில் ரோட்ல கொட்டுனா பின்னாடி வர்றவங்க எல்லாம் விழுவாங்க. கம்பி கட்டலன்னா செக்கிங்லயே நிறுத்திடுவாங்க."

எனக்கு ரூல் சொல்லித்தர ஒருத்தி பிறந்திருந்தாள், அதுவும் என் வீட்டிலேயே. மற்றபடி பெருமைப்படும் நிலையில் நான் இல்லை. அவள் படியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கைகளை லுங்கித் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும். அன்று சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அதே முகம். ஒரு சீசன் முழுக்க விழுந்து விழுந்து எழுந்தவளை, தடத்துக்குப் போகும் முன்பே என் போர்டிகோவில் விழ வைத்துவிட்டேன்.

கோமதிதான் பேசினாள். "கழட்டி கழட்டி உங்களுக்குத்தான் மறை கழண்டு போச்சு. நாலுல ஒண்ணு கொறையுதே கிண்ணத்துல, அத எங்க போட்டீங்க?"

வீட்டில் அவள்தான் பாத்திரம் எண்ணி வைப்பவள்.

அலமாரிக்கு ஓடினேன். கையெழுத்திட்ட உறைக்குள் ஒரே ஒரு செம்பு வாஷர், முழுசாக.

கயல் அதை வாங்கிப் பார்த்தாள். உறையில் என் கையெழுத்தையும் பார்த்தாள். அவள் வாயின் ஓரம் லேசாக அசைந்தது. "இது ஒண்ணு போதும்ப்பா, சைஸ் காட்டி வாங்கிடலாம். ஸ்கூட்டர் எடு. இல்ல வேணாம், நீ பின்னாடி ஒக்காரு."

டெம்போக்காரரிடம் காப்பியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரமாக லாரி பட்டறைகள் இருக்கும் பக்கம் போனோம். பந்தயக்காரி பின்னால் உட்கார்ந்து போவது என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கைகாட்டி, வேகத்தடையில் மெதுவாகி, என்னைவிட ஒழுங்காக ஓட்டினாள். லுங்கியும் எண்ணெயுமாக நான்தான் பார்ப்பதற்குச் சட்டவிரோதமாக இருந்தேன். முதல் இரண்டு கடைகள் இல்லை என்றன. அடுத்த கடைக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், கையெழுத்துலாம் போட்டு வெச்சிருக்கீங்க? போலீஸ் கேஸா?"

அன்றைக்கு இரண்டாவது முறை. ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அதே அளவில் வாஷர்களை எடுத்துத் தந்தார். டீசல் லாரி எஞ்சினுக்குப் போடுவதாம். கயல் பணம் கொடுக்கப் போனாள். நான் வாஷர்களைக் கண்ணாடி மேஜையில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து விரலால் அழுத்தினேன்.

"அப்பா, டைம் ஆவுது."

"இரு. இது ஒண்ணு ஆடுது பாரு."

ஒன்று லேசாக வளைந்திருந்தது. அவளும் அழுத்திப் பார்த்தாள், ஆடியது. கடைக்காரர் வேறு கொடுத்தார். "நல்லவேள பார்த்த" என்றாள் கயல். இந்த வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. இது மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை.

திரும்பி வந்தபோது அன்வர் பாய் என் பனியனும் குடியாத்தம் லுங்கியுமாகப் படியில் உட்கார்ந்து, எண்ணெய் கொட்டிய தரையில் மரத்தூள் போட்டுக்கொண்டிருந்தார். ஜுப்பா வாளியில் ஊறியது. கயல் குனிந்து வேலையைத் தொடங்கினாள். நாங்கள் அரைநாள் செய்த வேலையை அவள் காப்பி ஆறுவதற்குள் முடித்தாள். செம்பு வாஷர் வைத்துத் திருப்பியதும் ஸ்பேனர் 'க்ளிக்' என்றது. நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டின்னில் மீதியிருந்த எண்ணெயை ஊற்றி, எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. பிறகு ஒரு கம்பிச் சுருளை எடுத்து, "வாப்பா, இத நீ கட்டு" என்றாள்.

"கழட்டறது மட்டும்தானே என் வேல?"

"கழட்டினவன்தான் கட்டணும். இப்டி போல்டு துளைல விடு. இறுகற பக்கமா முறுக்கு. எண்ணிக்கினே முறுக்கு, தொளதொளன்னு விடாத."

முறுக்கினேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றாள். அன்வர் பாய் எழுந்து வந்து, கிழிந்த தோல் வாஷரைப் பொறுக்கி, "இதுக்கு லெதர் மேல கோவம் வெச்சுக்காதம்மா" என்றார்.

"கோவமெல்லாம் இல்ல மாமா. உங்க லெதர் என் முழங்கையில இருக்கட்டும். எஞ்சின்ல வேணாம்."

டெம்போ கிளம்பியது. கோமதி நாடாவை அறுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோமதியும் அன்வர் பாயும் தடத்துக்குப் போனோம். முந்தின நாள் சோதனையில் நடந்ததை கயல் சொன்னாள். அதிகாரி கம்பியை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாராம். பிறகு கூலரில் இருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்து, "இது யார் பாஸ் பண்ணது?" என்று கேட்டாராம். "எங்க அப்பா" என்றிருக்கிறாள். "அப்போ நான் எதுக்கும்மா?" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாராம். ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துபோனது அதிர்ஷ்டம் என்று நான் நினைத்தேன். வேண்டுமென்றேதான் விட்டாள் என்று கோமதி சொல்கிறாள்.

பந்தயம் எனக்குச் சரியாக நினைவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் வண்டி போகிற பக்கம் பார்த்தார்கள். நான் அவள் வண்டிக்குப் பின்னால் தரையைப் பார்த்தேன், எங்காவது பளபளக்கிறதா என்று. பளபளக்கவில்லை. அவள் விழவும் இல்லை. ஐந்தாவதாக வந்தாள். பக்கத்தில் நின்றிருந்த கோமதி என் கையைப் பிடித்து நசுக்கிய இறுக்கத்துக்கு அந்த ஸ்பேனர் இரண்டு முறை க்ளிக் என்றிருக்கும்.

இப்போது அவள் டீம் வண்டி ஓட்டுகிறாள். அதற்கு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பழைய வண்டி பயிற்சிக்காக எங்கள் போர்டிகோவிலேயே இருக்கிறது, கூலரில் வெளுத்துப்போன பச்சை ஸ்டிக்கருடன். அன்றைக்கு அவளே காலையில் சீக்கிரம் எழுந்து மாட்டியிருக்கலாமே என்று பிறகு ஒரு நாள் கயலிடம் கேட்டேன். "நீ அத சுத்தி சுத்தி வந்துக்கினு இருந்தியேப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த நாள் பேச்சு மொழியில் கலந்துவிட்டது. குழாய் ஒழுகினால், குக்கரில் ஆவி பக்கவாட்டில் போனால், உறவுக்காரர் யாராவது ரகசியத்தை வெளியே விட்டால், "லெதர் வாஷர் போட்டுட்டாங்க போல" என்பாள் கோமதி. நான் ஸ்டூலை எடுத்தாலே, எதற்கு என்று கேட்காமல், "கழட்டி மட்டும் வைங்க" என்று குரல் வரும். வாழைப்பழம் உரித்தால்கூட வரும்.

போன வாரம் கயல் கம்பெனியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, பழைய வண்டில கூலர கழட்டி சுத்தம் பண்ணணும். மண்ணு அடைச்சுக்கிச்சு."

"கழட்டி மட்டும் வைக்கிறேன்."

லைனில் மெஷின்கள் ஓடுவது கேட்டது.

"மாட்டியும் வைப்பா. வாஷர் வாங்கி டூல் பாக்ஸ்ல வெச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே கோமதிக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"மாட்டச் சொல்லிட்டாளா? சரி. மொதல்ல அன்வர் பாய்க்கு போன் பண்ணுங்க."

"அவர் எதுக்கு? இந்த வாட்டி செம்பு வாஷர் இருக்குது."

"இருக்கட்டும். வர்றதுன்னா வெள்ள ஜுப்பா போட்டுக்கினு வர வேணாம்னு சொல்லுங்க."